ஹெல்மெட் அபராதம் கட்டினால் விபத்து இழப்பீடு போய்விடுமா? சலானும் எம்.சி.ஓ.பி. (இழப்பீட்டு) வழக்கும்: முழுமையான வழிகாட்டி

பைக்கில் போனவர் மீது கார் மோதிக் கால் எலும்பு முறிகிறது. வந்து பார்த்த போலீஸ், ஹெல்மெட் போடாததற்காகக் காயம்பட்டவருக்கே ஆயிரம் ரூபாய் சலான் போடுகிறது. உடனே ஆளுக்கொரு யோசனை. "கட்டாதே, கட்டினால் தப்பு உன்மேல்தான் என்று ஆகிவிடும்" என்பார் ஒருவர். "ஹெல்மெட் இல்லையா? அப்போ கேஸே நிற்காது" என்பார் இன்னொருவர். கார்க்காரர் தரப்பிலோ, "கோர்ட்டில் ஃபைன் கட்டிவிட்டோம், விஷயம் முடிந்தது" என்கிறார்கள்.

மூன்றுமே தவறு. ஆனால் அந்தச் சலானும் அந்த ஃபைனும் இழப்பீட்டு வழக்கில் ஒரு பொருட்டே இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. எது எங்கே எடைபோடப்படும் என்று தெரிந்திருந்தால், விபத்து நடந்த முதல் வாரத்திலேயே பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடலாம். இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துகளுக்கானது. சட்டம் 1988 மோட்டார் வாகனச் சட்டமும் அதன் 2019 திருத்தமும்.

முதலில் மூன்று தடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரே விபத்திலிருந்து மூன்று தனித்தனி நடவடிக்கைகள் கிளம்பும். குழப்பமெல்லாம் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதால் வருவது.

முதலாவது சலான். ஹெல்மெட், சீட் பெல்ட், லைசென்ஸ் போன்ற விதிமீறல்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி போடுவது. இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரிவு 200-இன்படி அந்த இடத்திலேயோ ஆன்லைனிலோ பணம் கட்டி முடித்துவிடலாம். அப்படிக் கட்டியதும் அந்தக் குற்றத்தின் மேல் நடவடிக்கை நின்றுவிடும். அது தண்டனைத் தீர்ப்பு அல்ல. எல்லா மீறல்களுக்கும் இந்த வசதி கிடையாது. குடித்துவிட்டு ஓட்டுவது (பிரிவு 185) இதில் வராது. ஆபத்தாக ஓட்டுவதில் (பிரிவு 184) கையில் போன் வைத்துக்கொண்டு ஓட்டியதை மட்டும்தான் இப்படி முடிக்க முடியும். சிக்னல் தாண்டியது, எதிர்த்திசையில் வந்தது போன்றவை 184-இன் கீழ் வழக்கானால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது கிரிமினல் வழக்கு. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி" என்ற வாசகத்தோடு எஃப்.ஐ.ஆர். பதிவாகும். 1.7.2024 முதல் நடந்த விபத்துகளுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281-உம் 125-உம், உயிரிழப்பு என்றால் 106(1)-உம் போடுவார்கள். அதற்கு முந்தைய விபத்துகளில் பழைய 279, 337, 338, 304-ஏ. இது அரசுக்கும் டிரைவருக்கும் இடையிலான வழக்கு. இதில் கட்டும் ஃபைன் அரசுக்குப் போகும்; காயம்பட்டவர் கைக்கு வராது.

மூன்றாவது இழப்பீட்டு வழக்கு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் பிரிவு 166-இன்படி போடுவது. வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. என்பார்கள். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்திலும் மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களிலும் நடக்கும். இங்கே குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எந்தத் தரப்புச் சொல்வது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டோ, அந்தப் பக்கம் தராசு சாயும்.

கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையாகிவிட்டால் இழப்பீடு கிடையாது என்ற பயம் பலருக்கு உண்டு. தமிழ்நாட்டுப் பேருந்து விபத்து ஒன்றின் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது: கிரிமினல் விடுதலை தீர்ப்பாயத்தின் கையைக் கட்டாது. நான்கு பத்தாண்டுகள் ஆன பிறகும் இன்சூரன்ஸ் தரப்பு எதிர்மனுவில் இந்த வாதத்தை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. பதறாதீர்கள்.

தீர்ப்பாயம் உண்மையில் கேட்கும் இரண்டு கேள்விகள்

விதியை மீறினீர்களா என்பதோடு தீர்ப்பாயம் நிற்காது. அந்த மீறலால்தான் மோதல் நடந்ததா? அந்த மீறலால் காயம் கூடியதா? இந்த இரண்டில் ஒன்றுக்காவது "ஆம்" என்று சாட்சியம் இருந்தால்தான் உங்கள் இழப்பீட்டிலிருந்து ஒரு பங்கைக் கழிப்பார்கள். இதைத்தான் கோர்ட்டில் கான்ட்ரிபியூட்டரி நெக்ளிஜென்ஸ் என்கிறார்கள். இரண்டுக்கும் "இல்லை" என்றால் அந்தச் சலான் வெறும் காகிதம்.

ஒரு பைக்கில் மூன்று பேர் போனபோது பின்னாலிருந்து கார் மோதிய வழக்கு 2020-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. உயர் நீதிமன்றம் 10 சதவீதம் கழித்திருந்தது. மூன்று பேர் போனது விதிமீறல்தான், ஆனால் அதனால் விபத்து நடந்தது என்றோ பாதிப்பு கூடியது என்றோ காட்டாமல் கழிக்க முடியாது என்று சொல்லி அந்தக் கழிவை நீக்கிவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர் காயம்பட்ட வழக்கில் 2008-இலும் இதே தர்க்கம்: லைசென்ஸ் இல்லை என்பதே கவனக்குறைவு ஆகாது; ஓட்டிய விதத்தில் தவறு இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மீறலையும் பார்க்கலாம்.

ஹெல்மெட் (பிரிவு 194-டி, 1,000 ரூபாய், 3 மாத லைசென்ஸ் தகுதியிழப்பு): மோதலுக்கு இது காரணமே ஆகாது. காயம் கூடியதா என்ற கேள்வி மட்டும்தான். காலிலோ இடுப்பிலோ முறிவு என்றால் ஹெல்மெட் பேச்சுக்கே இடமில்லை. தலைக்காயம் என்றால் இன்சூரன்ஸ் தரப்பு இதைத்தான் முதலில் பிடிக்கும். ஒரு பங்கு கழித்த தீர்ப்புகளும் உண்டு. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கும் இதே கணக்கு.

சீட் பெல்ட் (194-பி, 1,000 ரூபாய்): ஹெல்மெட்டுக்குச் சொன்னதேதான்.

லைசென்ஸ் இல்லை (181, 5,000 ரூபாய்): காயம்பட்டவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால் மேலே சொன்ன 2008 தீர்ப்பு துணைக்கு வரும். மோதிய டிரைவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால் விஷயம் வேறு. இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பிலிருந்து நழுவப் பார்க்கும். பல வழக்குகளில் தீர்ப்பாயம், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிடுகிறது. வக்கீல்கள் பே அண்ட் ரெகவரி என்பது இதைத்தான். கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டி ஓட்டினால் அது செல்லாத லைசென்ஸ் என்ற வாதத்தை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஏற்கவில்லை.

எதிர்த்திசை, சிக்னல் மீறல், கையில் போன் (184): இங்கே சலானுக்கு உண்மையான கனம் உண்டு, ஏனென்றால் இவை நேரடியாக மோதலுக்குக் காரணமாகக்கூடியவை. எதிராளிமேல் இந்தப் பிரிவு இருந்தால் அது உங்களுக்குப் பலம். உங்கள்மேல் இருந்தால் 25, 50 சதவீதம் கூடப் போகலாம்.

அதிவேகம் (183): கேமரா போட்ட இ-சலான் வண்டி நம்பருக்கு வருவது, யார் ஓட்டினார் என்பதை அது சொல்லாது. வேறு இடத்தில், வேறு நேரத்தில் விழுந்த வேக சலானை இந்த விபத்தோடு முடிச்சுப்போட முடியாது. அதே சாலையில் இரண்டு நிமிடம் முன்பு விழுந்தது என்றால் கதை வேறு.

குடிபோதை (185, இரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல், முதல்முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்): எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். ஆனால் ஆஸ்பத்திரி ஏட்டில் "மது வாடை வீசியது" என்று ஒரு வரி எழுதியிருப்பதும், இரத்தப் பரிசோதனையில் அளவு வந்திருப்பதும் ஒன்றல்ல. வாடை என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு வரும் வாதத்தை உடைக்க முடியும். நீங்கள் குடிக்கவில்லை என்றால், அப்படி எழுதுவது தெரிந்தவுடன் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி உறவினரை வற்புறுத்தச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கவில்லை, புகைச் சான்று இல்லை, நம்பர் பிளேட் சரியில்லை: காயம்பட்டவரின் வண்டியில் இந்தக் குறைகள் இருந்தாலும் எதிர் வண்டிமேல் போடும் வழக்கில் ஒரு ரூபாய் குறையாது. மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பதுதான் பெருந்தொல்லை. அவார்டு (தீர்ப்பாயத்தின் இழப்பீட்டுத் தீர்ப்பு) வாங்கினாலும் உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டியிருக்கும்.

படி 1: ஆஸ்பத்திரியில் எழுதப்படும் முதல் வரி

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பல நேரம் இங்கேயே முடிவாகிவிடுகிறது. சலானைப் பற்றிக் கவலைப்படும் அளவில் பாதியை ஏ.ஆர். காப்பியின்மேல் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) வைத்தால் போதும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று டாக்டர் எழுதுவார். மயக்கத்தில் இருப்பவருக்காகக் கூட்டி வந்தவர் சொல்வதுதான் அங்கே பதிவாகும். "பைக்கிலிருந்து கீழே விழுந்துட்டார்" என்று யாரோ அவசரத்தில் சொன்ன வார்த்தை, இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் "வாகனம் எதுவும் மோதவில்லை, இவரே விழுந்தார்" என்று திரும்பி வரும். எனவே என்ன வண்டி, எந்தப் பக்கமிருந்து மோதியது, நம்பர் தெரிந்தால் நம்பர், இடம், நேரம் ஆகியவற்றைச் சொல்லச் சொல்லுங்கள். தவறாக எழுதியிருப்பது தெரிந்தால் அடுத்த நாளே மருத்துவ அதிகாரிக்கும் ஸ்டேஷனுக்கும் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்தச் சொன்னால் அது ஜோடனை போலத் தோன்றும்.

தமிழ்நாட்டில் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை பட்டியலிலுள்ள ஆஸ்பத்திரிகளில் இலவசம். உங்கள்மேல் சலான் இருப்பது அதற்குத் தடை அல்ல.

படி 2: ஸ்டேஷனில் புகார்

புகார் கொடுத்ததும் கையில் மனு ரசீதை மட்டும் தந்து அனுப்புவது உண்டு. மனு ரசீது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். எண் கிடைக்கும்வரை விடாதீர்கள். சிகிச்சையில் இருந்ததால் சில நாள் தாமதமானால் அதனாலேயே வழக்கு கெட்டுவிடாது. உச்ச நீதிமன்றம் 2011-இல் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய கண்ணி இன்னொன்று. எதிர்த் தரப்பு ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து, "எனக்கு எந்தப் புகாரும் இல்லை, பேசி முடித்துக்கொண்டோம்" என்று எழுதி வாங்கும். அந்த ஒரு தாள் சலானைவிட நூறு மடங்கு சேதம் செய்யும். உள்ளே எவ்வளவு எலும்பு உடைந்திருக்கிறது என்று எக்ஸ்ரே கூட வராத நேரத்தில் கையெழுத்துப் போடுவது வேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். உங்கள்மேலேயே பதிவாகிவிட்டால்? நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்மேல் எதிராளியின் புகாரை வைத்து வழக்குப் போடுவது நடக்கிறது. அப்போது செய்ய வேண்டியவை: உங்கள் தரப்புப் புகாரை எழுத்தில் கொடுங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவு இல்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 175(3)-இன்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். விசாரணை முடிந்து "தவறான புகார்" என்று மூடினால் அதற்கான நோட்டீஸ் வரும். அதை வாங்கிப் பத்திரப்படுத்தி, ஆட்சேப மனு போடுங்கள். எஃப்.ஐ.ஆர். உங்கள்மேல் இருந்தாலும் எம்.சி.ஓ.பி. போடத் தடையில்லை. நேரில் பார்த்த சாட்சி ஒருவர் கட்டாயம் வேண்டும், அவ்வளவுதான்.

படி 3: சலானைக் கட்டுவதா, எதிர்ப்பதா?

உண்மையிலேயே ஹெல்மெட் போடவில்லை என்றால் கட்டிவிடுங்கள். அதை எதிர்த்துப் போராடி மிச்சமாவது ஒன்றுமில்லை. தீர்ப்பாயம் எப்படியும் மற்ற சாட்சியத்தை வைத்து முடிவு செய்யும். ரசீதை மட்டும் படித்துப் பாருங்கள். எந்தப் பிரிவு போட்டிருக்கிறது? 194-டி மட்டுமா, 184-உம் சேர்ந்திருக்கிறதா? "எல்லாம் ஒரே ஃபைன்தான் சார், கட்டிட்டுப் போங்க" என்ற பேச்சில் மயங்கி 184-க்கும் சேர்த்துச் சம்மதித்தவர்கள் உண்டு. ஹெல்மெட் போடாததை ஒப்புக்கொள்வது வேறு, ஆபத்தாக ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்வது வேறு.

நீங்கள் செய்யாத மீறல் என்றால், அதுவும் எதிர்த்திசை, சிக்னல், போன் என்று மோதலோடு தொடர்புள்ளது என்றால், கட்டாதீர்கள். இ-சலான் இணைய நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அந்தத் தளத்தில் பணம் கட்டுவது, வழக்கை எதிர்கொள்வது என்று இரண்டு வழி இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். சலானோடு இருக்கும் புகைப்படத்தைத் தேதி, நேரத்தோடு சேமியுங்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி கிரிமினல் வழக்கில் இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிச் சில ஆயிரம் ரூபாய் ஃபைன் கட்டி ஒரே நாளில் வழக்கை முடிப்பது தினமும் நடக்கிறது. அங்கே சொன்ன ஒப்புதல், பிறகு எம்.சி.ஓ.பி.-யில் ஒப்புக்கொண்டவருக்கு எதிரான சான்றாவணமாக வந்து நிற்கும். "அலைய முடியாமல் கட்டினேன்" என்று விளக்கம் சொல்லலாம். தீர்ப்பாயம் கேட்கவும் கேட்கும். ஆனால் விளக்கும் சுமை அவர் தலையில். இரு தரப்பும் காயம்பட்டு, இரு தரப்புமே இழப்பீடு கேட்கும் வழக்கில் நீங்கள் இப்படி ஒப்புக்கொண்டுவிட்டால், உங்கள் மனுவை உங்கள் கையாலேயே கிழித்ததுபோலத்தான்.

எதிராளி ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டியிருந்தால் அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை உடனே எடுங்கள். கோர்ட்டில் ஃபைன் கட்டியதும் "விஷயம் முடிந்தது" என்று அவர் நினைத்தாரே, அது உங்களுக்குத் தொடக்கம்.

படி 4: காகிதங்களைச் சேர்த்தல்

எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை ஆகிய ஏழும் அடிப்படை. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் விபத்து வழக்கு ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி இறக்கிக்கொள்ள முடியும். இவற்றோடு எதிர் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் விவரம்.

வரைபடத்தை நன்றாகப் பாருங்கள். வண்டிகள் நின்ற இடம், சாலையின் அகலம், நடுக்கோடு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் மோதிய பிறகு வண்டி தள்ளப்பட்டு நின்ற இடத்தை மட்டும் வைத்துத் தவறு யார்மேல் என்று ஊகிக்க முடியாது. 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. வாகன ஆய்வாளர் அறிக்கையில் எந்த வண்டியில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பது உங்கள் சாட்சியத்தோடு ஒத்துப்போக வேண்டும். பின்னாலிருந்து மோதினான் என்று சொல்லிவிட்டு, உங்கள் பைக்கின் முன் சக்கரம் வளைந்திருந்தால் கேள்வி வரும்.

கடை கேமராக்களில் பழைய பதிவு சில நாள்களிலேயே அழிந்து அதன்மேல் புதிது ஏறிவிடும். கடைக்காரரிடம் கேட்டு நகல் எடுங்கள், கூடவே ஸ்டேஷனுக்கும் எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63-இன்படி மின்னணுச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் வெறும் பென்டிரைவ் கொடுத்தால் ஆட்சேபம் வரும்.

எதிர் வண்டிமேல் விழுந்த சலான்களைப் பரிவாகன் இ-சலான் தளத்தில் தேடிப் பாருங்கள். அந்த நாளில், அந்த நேரத்தை ஒட்டி சிக்னல் மீறலோ வேகமோ பதிவாகியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. இதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

1.4.2022-இலிருந்து நடைமுறையில் உள்ள விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அந்த விரிவான அறிக்கையில் உங்கள் லைசென்ஸ், ஹெல்மெட் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தவறு இருந்தால் மனுவிலேயே மறுத்துவிடுங்கள்.

படி 5: மனுத் தாக்கல்

விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது பிரிவு 166(3). இந்த வரம்பையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. கிரிமினல் வழக்கு முடியட்டும், சலான் தீரட்டும், கால் ஆறட்டும் என்று எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். ஊனச் சான்றிதழை வழக்கு நடக்கும்போதே வாங்கிக்கொள்ளலாம்.

விபத்து நடந்த ஊர், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர் ஆகிய எதிலும் போடலாம்.

தவறு உங்கள்மேலும் கணிசமாக இருக்கிறது, சாட்சியும் இல்லை என்றால் பிரிவு 164-ஐ யோசியுங்கள். அதில் யார் தவறு என்ற கேள்வியே கிடையாது. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். அதற்குமேல் கிடைக்காது. மோதிவிட்டு ஓடிப்போன வண்டி எது என்றே தெரியவில்லை என்றால் பிரிவு 161-இன்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

மனுவில் உங்கள் மீறலை மறைக்காதீர்கள். "ஹெல்மெட் அணிந்திருந்தேன்" என்று எழுதிவிட்டு, எதிர்த் தரப்பு சலானை நீட்டினால் ஹெல்மெட் விஷயம் மட்டும் போகாது. மோதல் எப்படி நடந்தது என்று நீங்கள் சொன்னதன் மேலும் சந்தேகம் விழும். "சலான் விதிக்கப்பட்டது, காயம் வலது காலில், மோதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று நேராக எழுதுவதே மேல்.

ஒரு கணக்கு

வயது 34, சுயதொழில், மாத வருமானம் 20,000 ரூபாய் என்று நிரூபித்திருக்கிறார். காலில் நிரந்தர ஊனம்; தொழில் செய்யும் திறனில் 25 சதவீத இழப்பு என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. 40 வயதுக்குள் சுயதொழில் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 28,000. ஆண்டுக்கு 3,36,000. அதில் 25 சதவீதம் 84,000. உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின் (2009) பட்டியலில் 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி (ஆண்டு இழப்பைப் பெருக்கும் எண்) 16. ஆக 13,44,000. சிகிச்சைச் செலவு 2,40,000, நான்கு மாத வருமான இழப்பு 80,000, வலி, உணவு, பயணம் முதலியவற்றுக்கு 36,000 என்று வைத்தால் மொத்தம் 17,00,000.

இப்போது "இவர்மேலும் 20 சதவீதத் தவறு" என்று ஒரு வரி வந்தால் போவது 3,40,000 ரூபாய். ஐந்நூறு, ஆயிரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் விலை அதுதான். அதனால்தான் சலானின் தொகையை விட்டுவிட்டு அதில் எழுதியிருக்கும் பிரிவைப் பாருங்கள் என்கிறோம்.

படி 6: விசாரணையில்

கவனக்குறைவில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எதிர்மனுவில் எழுதிவிட்டால் போதாது. எனவே எதிர் டிரைவர் சாட்சிக் கூண்டில் ஏறினாரா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால், விபத்தை நேரில் அறிந்த ஒரே ஆளை அவர்கள் கொண்டுவரவில்லை என்பதை வாதத்தில் கட்டாயம் எழுப்பச் சொல்லுங்கள்.

தலைக்காயத்தில் ஹெல்மெட் வாதம் வந்தால் டாக்டர் சாட்சியத்தைப் பயன்படுத்துங்கள். முகத் தாடையிலோ கழுத்திலோ அடி என்றால் ஹெல்மெட் அதைத் தடுத்திருக்குமா என்று கேட்கலாம். தலைக்காயத்துக்காக ஒரு பங்கு கழித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தாலும், கால் முறிவுக்கான தொகையைத் தொடக்கூடாது என்று பிரித்து வாதிடுங்கள்.

பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு இந்தக் கவலை குறைவு. இரண்டு வண்டிகளின் தவறாலும் அவர் காயம்பட்டிருந்தால், முழுத் தொகையையும் ஏதாவது ஒரு தரப்பிடமிருந்தே கேட்கலாம். பைக் ஓட்டியவரின் சலானைக் காட்டி இவர் தொகையைக் குறைக்க முடியாது.

இன்சூரன்ஸ் கம்பெனியின் புலனாய்வாளர் வீடு தேடி வருவார், மிக அன்பாகப் பேசுவார். வெற்றுத் தாளிலோ படிக்காத வாக்குமூலத்திலோ கையெழுத்து வேண்டாம்.

வண்டி உரிமையாளர் பக்கம்

மோதிய வண்டி உங்களுடையது என்றால்: பிரிவு 134-இன்படி காயம்பட்டவருக்குச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, போலீசுக்குத் தகவல் சொல்லி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். டிரைவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் பேசட்டும். லைசென்ஸ் இல்லாதவருக்கோ குடித்தவருக்கோ வண்டியைக் கொடுத்திருந்தால், கம்பெனி கொடுத்த தொகையை உங்களிடம் திருப்பிக் கேட்கும். சிறுவனிடம் கொடுத்திருந்தால் பிரிவு 199-ஏ-இன்படி 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் தனி. வேறு வண்டி எதுவும் இல்லாமல் நீங்களே கவிழ்ந்தால் தேர்டு பார்ட்டி பாலிசி உதவாது. 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் துணை. அதற்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் அவசியம்.

அவார்டு வந்த பிறகு

தொகையிலிருந்து உங்கள் பங்குத் தவறுக்காகக் கழித்திருந்தால், காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தீர்ப்பைப் படியுங்கள். "ஹெல்மெட் அணியவில்லை, எனவே 15 சதவீதம்" என்று தொடர்பைக் காட்டாமல் எழுதியிருந்தால் மேல்முறையீட்டுக்கு அது நல்ல காரணம். சென்னை உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையில், 90 நாளுக்குள் போட வேண்டும். பிரச்சினைக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் மேல்முறையீடு கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியே மேல்முறையீடு செய்தால், நீங்களும் கழித்த பங்கைக் கேட்டு குறுக்கு ஆட்சேபம் தாக்கல் செய்ய வக்கீலிடம் சொல்லுங்கள்.